மாண்புமிகு அம்மையாரின் கல்லீரல்

முதல் துவக்க விழாவுக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு.

மேடையின் நடுவில் பொன்னிறத் துணி போர்த்திய, சிங்கமுகக் கைப்பிடி வைத்த பெரிய நாற்காலி. அதில் மாநில கவர்னரின் மனைவியாகிய மாண்புமிகு அம்மையார் இல்லை. அதற்கு வலப்பக்கம் எங்கள் போதனா மருத்துவமனையின் தலைமை இயக்குநர் பேராசிரியர் லாவோயின். இடப்பக்கம் ஒகேரோ நகரத்து அரசரின் பிரதிநிதி. அவருக்குப் பின்னால் அந்தப் பிரதிநிதிக்கு விசிறி வீசுபவர். அடுத்து ‘விழாவின் தந்தை’, ‘விழாவின் தாய்’ என்று பட்டம் சூட்டப்பட்ட இருவர். தந்தைக்கு சிமென்ட் வியாபாரம், தாய்க்கு ஐஸ் மீன் வியாபாரம். கீழே முதல் வரிசையில் துறைத் தலைவர்கள், இரண்டாம் வரிசையில் துறைத் தலைவர் ஆக விரும்பியவர்கள். எல்லோரும் ஒரே நீலத் துணியில் தைத்த உடை. விழாத் துணி வாங்காதவருக்குச் சாப்பாட்டுச் சீட்டு கிடையாது.

மேடையின் ஓரத்தில், கண்ணாடித்தாள் சுற்றி இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிய கருவி. கல்லீரலை அதிக ரத்தம் சிந்தாமல் அறுக்கும் ஒலியலைக் கருவி அது.

கடைசி வரிசையில், ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில், டாக்டர் ஃபேயிசாரா. அந்தக் கருவியை வரவழைத்தவர் அவர்தான்.

பந்தலுக்கு வெளியே, நாற்காலிகளை விரல் நீட்டி எண்ணிக்கொண்டு நின்றவர் பந்தல் கனியு. அந்தக் கருவி தேவைப்பட்டது அவருக்குத்தான். அவர் உட்காரவில்லை.

இவை யாவும் நடவடிக்கைக் குறிப்பில் உள்ளவை. அதை எழுதியவன் மருத்துவமனையின் கூட்டச் செயலர் இபிடோயேயாகிய நான். நடந்ததை நடந்த வரிசையில் எழுது, நடக்காததை எழுதாதே என்று எங்கள் ஊர் மிஷன் பள்ளியில் பிரம்பால் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே வரிசையாகவே சொல்கிறேன்.

டாக்டர் ஃபேயிசாரா கல்லீரல், கணையப் புற்றுநோய்க்கான அறுவை மருத்துவர். கேப்டவுனில் பயின்று திரும்பியவர். அவருடைய ஆராய்ச்சிக் கேள்வி மிகவும் எளிமையானது. நம் பக்கத்து மக்களுக்குச் சிறு வயதிலேயே மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றிவிடுகிறது. நாற்பது வயதில் கல்லீரல் தழும்பேறிக் கட்டி வருகிறது. தழும்பேறிய கல்லீரலை அறுத்தால் ரத்தம் குழாய் திறந்ததுபோல் கொட்டும். எங்கள் ரத்த வங்கியிலோ பெரும்பாலும் வங்கி மட்டுமே இருக்கும். ஆகவே இப்படியொரு கருவி இருந்தால் எத்தனை பேரைக் காப்பாற்றலாம்? இதுதான் கேள்வி. இதற்காக அவர் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதி எழுதி, கருவியை வரவழைத்துவிட்டார்.

கருவி வந்த அன்றே மருத்துவமனையில் ‘கல்லீரல் கணைய உயராய்வு மையம்’ என்று ஒன்று உருவாயிற்று. அதற்கு இயக்குநர், துணை இயக்குநர், ஆலோசனைக் குழு, ஆலோசனைக் குழுவை மேற்பார்வையிடும் குழு எல்லாம் அமைந்தன. டாக்டர் ஃபேயிசாரா அதில் ‘உறுப்பினர்கள் மற்றும் பலர்’ என்பதில் பலராக இருந்தார்.

கருவி வந்து பல மாதங்கள் கழித்து, அவர் பெட்டியைத் திறக்க அனுமதி கேட்டு லாவோயினின் அறைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

“ஐயா, ஒரு நோயாளி இருக்கார். பந்தல் போடற கனியு அஜாடி. கல்லீரல்ல வலப்பக்கம் கட்டி. இப்போ கோலாக்கொட்டை அளவுதான். அடுத்த வாரமே எடுத்துடலாம்.”

“எதை வச்சு எடுப்ப?”

“அந்தக் கருவியை வச்சு.”

லாவோயின் கண்ணாடியைக் கழற்றினார். “ஃபேயிசாரா, கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே நீ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் குடும்பம் நடத்தினியா?”

“ஐயா, இது கல்லீரல்.”

“அதே கதைதான். துவக்கி வைக்காத கருவி கருவியே இல்லை. அது சாமான். சாமானை வச்சு ஒருத்தன் வயித்தை அறுத்தா, நாளைக்கு அரசாங்கத்துக்கு யார் பதில் சொல்றது? மாண்புமிகு அம்மையார் வந்து ரிப்பன் வெட்டட்டும். அப்புறம் நீ என்ன வேணா வெட்டு.”

இப்படித்தான் முதல் விழா ஏற்பாடாயிற்று. அம்மையார் வருவது உறுதி என்று கவர்னர் மாளிகை சொன்னதால், ரிப்பன் வெட்டிய கையோடு அறுவை செய்துவிடலாம் என்று ஃபேயிசாரா கனியுவை முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி போட்டு வைத்திருந்தார். கனியு பட்டினியோடு வந்து பந்தல் போட்டார். ஒகேரோவில் எந்தத் திருமணமானாலும், பெயர் சூட்டு விழாவானாலும், நாற்பதாம் நாள் துக்கமானாலும் நாற்காலி அவருடையதுதான். சிங்கமுக நாற்காலி கவர்னர் மாளிகைக்கே வாடகைக்குப் போவது.

அம்மையார் வரவில்லை. வேறொரு ஊரில் ஒரு கிணற்றைத் துவக்கி வைக்கப் போய்விட்டாராம். லாவோயின் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“எல்லா மரியாதைகளும் செலுத்தப்பட்டதாகக் கொள்க. பெரியோர்களே, இம்மையம் தொடங்கி ஓராண்டு நிறைகிறது. இந்த ஓராண்டில் இங்கே எத்தனை மரணம்? ஒன்றுகூட இல்லை. எத்தனை பேருக்கு ரத்தப்போக்கு? ஒருவருக்கும் இல்லை. எத்தனை தையல் சீழ்பிடித்தது? ஒரு தையலும் இல்லை. லண்டனில் இப்படி உண்டா? அமெரிக்காவில் உண்டா? உலகத்திலேயே ஒரு நோயாளியையும் இழக்காத ஒரே கல்லீரல் மையம், ஒகேரோவில் இருக்கிறது!”

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. கருவியைக் கொட்டகைக்குத் திருப்பி எடுத்துப்போய்ப் பூட்டினார்கள். எல்லோரும் ஜொலோஃப் சோறும் கோழியும் சாப்பிட்டார்கள். கனியு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஃபேயிசாரா அவரிடம் போனார். “பாபா, மன்னிச்சிடுங்க. இப்போ சாப்பிடலாம்.”

“அதை விடும்மா. நாற்காலி போடறவனை என்னிக்கு யார் சாப்பிடச் சொன்னா? பட்டினி எனக்குத் தொழில்ல சேர்ந்தது.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “அது சரி, உள்ள இருக்கறது காத்துக்கிட்டிருக்குமா?”

“ரொம்ப நாள் காத்திருக்காது பாபா.”

“அதுக்கு யாரும் அழைப்பிதழ் அனுப்பலையே. அதான் நேரத்துக்கு வருது.”

அவர் மனைவி முலிகாத்தை ‘இயா’, அதாவது அம்மா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்; விழாக்களில் பயற்று மாவில் மொயின்மொயின் அவித்துப் பரிமாறுபவர். கரண்டியோடு வந்து நின்றார். “ஊர்ல எல்லார் சாவுக்கும் பந்தல் போடறார். கடைசியில தன்னோடதுக்கும் தானே போட்டுட்டு, ‘தள்ளுபடி தர்றேன் முலிகாத்’ம்பார். நான் விடமாட்டேன். டாக்டர், அந்த ரிப்பனை நான் கத்தரிக்கறேன். மீன் வெட்டற கை இது, கோணாது.”

“நீங்க வெட்டினா அது கிழிசல், இயா,” என்றேன் நான். “அம்மையார் வெட்டினாத்தான் துவக்கம்.”

முலிகாத் என்னைப் பார்த்த பார்வையைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

முதல் விழாவுக்கும் இரண்டாவது விழாவுக்கும் இடையில் மையம் சும்மா இருக்கவில்லை. மூன்று ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டது. முதலாவது, கருவியின் வருகை குறித்த ஊழியர்களின் எதிர்பார்ப்புகள். இரண்டாவது, எதிர்பார்ப்பு நீள்வதால் ஊழியர்களின் மனநிலை. மூன்றாவது, கருவியைப் பயன்படுத்தாதபோது அதன் பாதுகாப்பு. மூன்றாவதற்குத் தலைநகர் அபுஜாவில் பதக்கம் கிடைத்தது. மூன்றிலும் முதல் பெயர் லாவோயினுடையது. பிறகு துறைத் தலைவர்கள், அவர்களுக்குப் பிறகு மயக்கமருந்துத் துறைக்காரர் ஒருவரின் மைத்துனர். ஃபேயிசாராவின் பெயர் கடைசியில் நன்றியுரையில், அச்சகத்தாருக்குக் கீழே இருந்தது.

அந்த மாதமே பேராசிரியர் பதவி உயர்வுக் குழு அவரை அழைத்தது. லாவோயின்தான் தலைவர்.

“உங்க ஆராய்ச்சியில இதுவரை எத்தனை நோயாளிகள்?”

“யாரும் இல்லை ஐயா. கருவியைத் தொட அனுமதி இல்லையே.”

“நோயாளியே இல்லாம ஆராய்ச்சியா?” என்று ஒருவர் வருந்தினார்.

“அதே ஆராய்ச்சிக்குத்தானே இயக்குநருக்குப் பதக்கம் கொடுத்தாங்க?” என்றார் ஃபேயிசாரா.

“அது பாதுகாப்பு பத்தின ஆராய்ச்சி,” என்றார் லாவோயின். “நோயாளி இல்லாததுதான் அதோட பலமே. உங்களோடது சிகிச்சை பத்தினது. அதுக்கு நோயாளி இல்லாதது பலவீனம். வித்தியாசம் புரியணும். அனுபவம் போதலைன்னு எழுதிக்கோ, இபிடோயே.”

எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது விழாவின்போது கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. இம்முறை அம்மையார் வராவிட்டாலும் பிரதிநிதியை அனுப்பினார்: சுகாதார ஆணையர். சுகாதார ஆணையர் வராமல் தம் பிரதிநிதியாகத் துறைச் செயலரை அனுப்பினார். துறைச் செயலர் வந்துவிட்டார். ரிப்பனுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலும் வந்துவிட்டது. ஃபேயிசாரா அறுவை அரங்கில் கை கழுவத் தொடங்கிவிட்டார். ஆனால் துறைச் செயலருக்குச் சிங்கமுக நாற்காலியைத் தராமல் பக்கத்து நாற்காலியைத் தந்துவிட்டார்கள். அவர் முன் வைத்த தண்ணீர்ப் புட்டியும் சிறியது. “நான் யார்னு நினைச்சீங்க? இப்போ நான் நான் இல்லை, அம்மையார்!” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். கத்தரிக்கோல் தட்டிலேயே இருந்தது.

அன்று மாலையே லாவோயின் ஒரு சுற்றறிக்கை சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். அதன் சாரம் இது: இனி பிரதிநிதியும், பிரதிநிதியின் பிரதிநிதியும், அவருக்குக் கீழே எத்தனை பிரதிநிதிகள் வந்தாலும் அவர்களும், எல்லா வகையிலும் மாண்புமிகு அம்மையாரே ஆவர். அவர்களது இருக்கை அம்மையாரின் இருக்கை. அவர்களது சொல் அம்மையாரின் சொல். மீறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை.

“நல்லா அழுத்தி எழுது,” என்றார். “எந்த ஓட்டையும் இருக்கக் கூடாது.”

நான் ஓட்டையில்லாமல் எழுதினேன்.

அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன் படத்தை ஃபேயிசாரா சுவர் விளக்கில் மாட்டி, கனியுவுக்கும் முலிகாத்துக்கும் காட்டினார். கோப்பைத் திருப்பித் தரப் போயிருந்த நானும் பார்த்தேன்.

“இதோ, ஆரஞ்சு ஆகப்போகுது. இது பெரிய ரத்தக்குழாய். கட்டி இதைத் தொட்டுடுச்சுன்னா, அப்புறம் நான் வயித்தைத் திறந்து, பார்த்து, மூடி, உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கத்தான் முடியும்.”

“இன்னும் ஒரு விழா தாங்குமா?” என்றார் கனியு.

“ஒண்ணே ஒண்ணு.”

“லாகோஸுக்குக் கூட்டிட்டுப் போனா?” என்றார் முலிகாத்.

“அங்கே இந்தக் கருவி இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில கேட்கற பணத்துக்கு நீங்க நாற்காலி, லாரி, வீடு எல்லாத்தையும் வித்தாலும் பத்தாது, இயா.”

கனியு சிரித்தார். “நாற்காலியை வித்துட்டா அப்புறம் என்னைப் புதைக்க வர்றவங்க எங்க உட்காருவாங்க?”

முலிகாத் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். அது கையோடு வந்துவிட்டது.

மூன்றாவது விழா ஒரு சனிக்கிழமை. எல்லோரும் புதுத் துணி தைத்திருந்தார்கள். இம்முறை மாம்பழ மஞ்சள். லாவோயினின் முகம் அச்சிட்ட பிளாஸ்டிக் வாளிகள் விருந்தினருக்குக் கொடுக்கக் குவிந்திருந்தன. கனியுவின் ஜெனரேட்டர் ஒலிபெருக்கிக்காக ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனையின் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்து வெகுநாளாயிற்று. கனியு முந்தின இரவிலிருந்து பட்டினி. மணிக்கட்டில் ஊசிக்குழாய் ஒட்டியிருந்தது. அகன்ற அங்கியின் கையால் அதை மறைத்துக்கொண்டு பந்தல் கயிறுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் ஆணையரை அனுப்பியிருந்தார். ஆணையர் துறைச் செயலரை அனுப்பினார். துறைச் செயலர், பழைய காயம் ஆறாததால், கவர்னர் மாளிகையின் உபசார அதிகாரி டுரோஜாயேயை அனுப்பினார். டுரோஜாயே இபாதான் சாலையில் கவிழ்ந்த டேங்கர் லாரிக்குப் பின்னால் சிக்கிக்கொண்டார். எங்களில் யாரோடும் அவருக்குப் பழக்கமில்லை. அவர் தொலைபேசியில் ஒகேரோக்காரர் ஒருவரின் எண்தான் இருந்தது, நாற்காலிக்காக.

கனியுவின் தொலைபேசி அலறியது. அவர் அதைச் சத்தமாகக் கேட்கும்படி போட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

“பாபா கனியு! அங்கதானே இருக்கீங்க?”

“பந்தலுக்கு அடியிலதான் ஐயா.”

“நான் இன்னிக்கு வந்து சேரமாட்டேன். அம்மையார் மறுபடி வரலைன்னு பேப்பர்ல வந்துடுச்சுன்னா என் வேலை போயிடும். நீங்க நல்ல அங்கி போட்டிருக்கீங்களா?”

“போட்டிருக்கேன்.”

“அப்போ நீங்கதான் நான். போய் உட்காருங்க. கடிதத்தை வாட்ஸ்அப்ல அனுப்பறேன்.”

பேச்சு மேடை வரை கேட்டது. லாவோயினின் முகம் வியர்த்தது. “இபிடோயே, இது செல்லுமா? நாற்காலி வாடகைக்கு விடறவன்! சுற்றறிக்கை என்ன சொல்லுது?”

நான் சுற்றறிக்கையை எடுத்து, ஒலிபெருக்கிக்கு முன்னால், ஓட்டையில்லாமல் வாசித்தேன். அரசரின் பிரதிநிதி தலையாட்டினார். அவருக்கும் தம் நிலை சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே.

லாவோயின் மெதுவாக எழுந்தார். இடுப்பு வரை குனிந்தார். “வருக, மாண்புமிகு அம்மையாரே.”

கனியு மேடையேறி சிங்கமுக நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நெளிந்தார்.

“எத்தனை வருஷமா வாடகைக்கு விடறேன், ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை,” என்றார் ஒலிபெருக்கியில். “முதுகுல குத்துது. இதுக்கா இவ்வளவு அடிதடி?”

சமையல் பக்கத்திலிருந்து முலிகாத்தின் குரல் கேட்டது: “ஏங்க! நீங்க கவர்னர் பொண்டாட்டின்னா, நான் யாரு? கவர்னரா?”

பந்தலே சிரிப்பில் அதிர்ந்தது. லாவோயின் மேசையைத் தட்டி, முலிகாத்தின் மொயின்மொயின் பானையை இன்னும் பின்னுக்கு நகர்த்தச் சொன்னார். பிறகு தம் உரையைத் தொடங்கினார். ஒரு மரணம் இல்லை, ஒரு துளி ரத்தம் இல்லை, லண்டனில் உண்டா என்பது வரை வந்தார். வாழ்த்துரைகள் முடிந்தன. கனியு கத்தரிக்கோலை எடுத்தார். மற்றவர்கள் ஒரு அங்குலம் வெட்டிப் புகைப்படத்துக்குச் சிரிப்பார்கள். அவர் ரிப்பனை மொத்தமாக வெட்டிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

“எல்லா மரியாதையும் செலுத்தினதா வச்சுக்கோங்க,” என்றார். எத்தனையோ விழாவில் கேட்டவர் அல்லவா, தடுமாறவில்லை. “மாண்புமிகு அம்மையாராகிய நான், இந்தக் கருவியைத் துவக்கி வைக்கிறேன். கிணறு தோண்டினா தண்ணி குடிச்சுப் பார்க்கணும். பாலம் கட்டினா நடந்து பார்க்கணும். இதை இன்னிக்கே, இப்பவே, ஒரு நோயாளியை வச்சு நடத்திக் காட்டணும். திரும்பக் கொட்டகையில வைக்கக் கூடாது. இது அம்மையாரோட உத்தரவு.”

லாவோயின் அவர் காதருகே குனிந்தார். “அம்மையாரே, இன்னிக்கு ரிப்பன் மட்டும்தான். நோயாளியெல்லாம் குழு கூடி...”

“பிரொஃப், அம்மையார் பேச்சை மறுக்கறீங்களா?”

“ஐயோ, இல்லை. ஆனா தயாரா நோயாளி எங்கே?”

கனியு அங்கிக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டில் ஊசிக்குழாய் வெயிலில் பளிச்சிட்டது. “இருக்கான். பந்தல் கனியுன்னு ஒருத்தன். நல்லவன். பட்டினியா வந்திருக்கான்.”

கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்த சத்தம். அது ஃபேயிசாராவினுடையது. அவர் அதற்குள் அறுவை அரங்கை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

அறுவை தொடங்கிச் சற்று நேரத்தில் மின்சாரம் போயிற்று. அது ஆச்சரியமில்லை. செவிலியர் ஒருவர் பந்தலுக்கு ஓடிவந்து, கனியுவின் ஜெனரேட்டரிலிருந்து ஒலிபெருக்கிக்கான கம்பியைப் பிடுங்கி, ஜன்னல் வழியே அரங்குக்குள் இழுத்துக்கொண்டு போனார். நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்த துணை இயக்குநரின் வாய் மட்டும் அசைந்தது. விழாவின் தாய் இசையில்லாமலே ஆடி முடித்தார். துணை இயக்குநர் கம்பியைத் திரும்பப் பெற ஆள் அனுப்பினார். முலிகாத் கரண்டியோடு ஜன்னலடியில் நின்றதால் போன ஆள் திரும்பிவிட்டார்.

விருந்தினர்கள் வாளியோடு போய்விட்டார்கள். நான் போகவில்லை, விழா முறைப்படி முடிந்ததாக அறிவிக்கப்படவில்லை. முலிகாத் ஜன்னலடியிலேயே இருந்தார். ஒருமுறை மட்டும் கேட்டார்: “இபிடோயே, அந்தக் கருவிச் சத்தம் நின்னுடுச்சே, அது நல்லதா கெட்டதா?”

பொழுது சாயும்போது ஃபேயிசாரா வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார்.

“முழுசா எடுத்துட்டேன், இயா. குழாய்க்கும் கட்டிக்கும் நடுவுல ஒரு தாள் நுழையற இடம்தான் இருந்தது. ரெண்டு புட்டி ரத்தத்தோட முடிஞ்சது. மூச்சு நல்லா இருக்கு.”

முலிகாத் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு பானையின் அடியில் ஒட்டியிருந்த கடைசி மொயின்மொயினை வழித்து ஒரு தட்டில் போட்டு டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பைச் சுற்றறிக்கைக்கு உட்பட்டு எழுத வேண்டியிருந்தது. எழுதினேன்: ‘மாண்புமிகு அம்மையார் கருவியைத் துவக்கிவைத்து உரையாற்றினார். அதன்பின் மாண்புமிகு அம்மையார் அறுவை அரங்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, அன்னாரது கல்லீரலின் வலப்பாகம் வெற்றிகரமாக அகற்றப்பட்டது.’ வழக்கம்போல் பிரதிகள் பத்திரிகைகளுக்குப் போயின.

திங்கட்கிழமை முதல் பழக்கூடைகள் வரத் தொடங்கின. உள்ளூர் மன்றங்கள், ஆசிரியர் சங்கம், சிமென்ட் வியாபாரிகள், இரண்டு பேராயர்கள், ஓர் இமாம். ‘அம்மையார் விரைவில் நலம்பெற’ என்று அட்டை கட்டியிருந்தது. உபசார முறைப்படி அவற்றைப் பெறவேண்டியவர் அம்மையாரே ஆதலால், ஆண்கள் வார்டில் கனியுவின் கட்டிலடியில் வைத்தார்கள். ஒரு தூதுக்குழு, போர்வையை மோவாய் வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்த அவர் முன் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்துவிட்டுப் போயிற்று. “அம்மையாருக்கு மீசை இருக்கிறது நல்லதுக்குத்தான், கம்பீரமா இருக்கு,” என்றார் பக்கத்துக் கட்டில்காரர். வார்டு முழுவதும் அன்னாசி தின்றது.

அடுத்த வாரம் கவர்னர் மாளிகையிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அம்மையார் தம் கல்லீரலைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு வயிற்றைத் தடவிப் பார்த்தாராம். லாவோயின் ஃபேயிசாராவை அழைத்தார்.

“என்ன காரியம் செஞ்சே! இந்த மையத்துக்கு ஒரு கறை உண்டா இதுவரை? இப்போ நோயாளின்னு ஒருத்தன் வந்துட்டான். நோயாளின்னு வந்துட்டா சாகலாம்!”

“அவர் நேத்து நடந்தார் ஐயா.”

“நடக்கறவனும் ஒருநாள் சாவான். அது நம்ம கணக்குல ஏறும். பூஜ்யமா இருந்த வரைக்கும் நாம உலகத்துக்கே முதல். இன்னிக்கு வெறும் ஆஸ்பத்திரி ஆயிட்டோம்!”

“அடுத்த நோயாளி இருக்காங்க ஐயா. பள்ளிக்கூட டீச்சர். கல்லீரல்ல இடப்பக்கம் கட்டி. புதன்கிழமை...”

“முதல்ல மெமோவுக்குப் பதில் சொல்லு. பதில் திருப்தியா இல்லேன்னா கருவிக்கு மறுபடி ரிப்பன்.”

மெமோவை எழுதும்படி எனக்குச் சொல்லிவிட்டு, அவர் அபுஜாவுக்கு விமானமேறினார். ‘உலகின் முதல் பிரதிநிதித்துவ அறுவை’ என்ற கட்டுரையை வாசிக்க வேண்டியிருந்தது. முதல் பெயர் அவருடையது.

மெமோவை எழுதினேன். அம்மையாரை அறுவைக்கு உட்படுத்தியது ஏன், மையத்தின் தூய பதிவைக் கெடுத்தது ஏன், உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று கேள்விகள். இயக்குநர் ஊரில் இல்லாததால், ‘இயக்குநருக்காக’ என்று நானே கையொப்பமிட்டேன். அவர் இல்லாதபோது அப்படிச் செய்ய எனக்கு நிரந்தர அதிகாரம் உண்டு.

புதன்கிழமை காலை மெமோவோடு அறுவை அரங்குக்குப் போனேன். ஃபேயிசாரா முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றார். உள்ளே டீச்சர் மேசைமேல் படுத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “இது பத்து நிமிஷம் பின்னாடி போகுது, யாராவது சரிபண்ணுங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், இதுக்கு உடனே பதில் வேணும்.”

“என் கையைப் பாருங்க, இபிடோயே. பேனாவைத் தொட்டா மறுபடி முதல்லேர்ந்து கழுவணும். நீங்கதான் நல்லா எழுதுவீங்களே. நீங்களே எழுதிடுங்க.”

“யார் கையெழுத்துப் போடறது?”

“எனக்காக நீங்க.”

மேசைக்குத் திரும்பினேன். பதிலை எழுதினேன். அறுவைக்கு உத்தரவிட்டவர் அம்மையாரே. சுற்றறிக்கைப்படி அவர் சொல்லை மறுப்பது குற்றம். மறுக்காததற்கு நடவடிக்கை எடுப்பதென்றால் மறுத்திருக்க வேண்டும் என்றாகிறது. அப்படிச் சொல்பவர் சுற்றறிக்கையை மீறியவராவார். தூய பதிவைப் பொறுத்தவரை, ஒருவர் பிழைத்திருப்பதும் பதிவில் ஏறக்கூடிய ஒன்றே. ‘டாக்டர் ஃபேயிசாராவுக்காக’ என்று கையொப்பமிட்டேன். இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்பும் தட்டில் வைத்தேன். இயக்குநர் அலுவலகத்துக்கு வந்த தட்டிலிருந்து எடுத்தேன். இயக்குநருக்காக இரண்டு முறை படித்தேன். மறுக்க இடமில்லை. ‘விளக்கம் திருப்தியளிக்கிறது. கருவி தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கட்டும்’ என்று ஓரத்தில் எழுதி, இயக்குநருக்காகக் கையொப்பமிட்டேன்.

இனி கவர்னர் மாளிகைக்குப் பிரதி போய்விட்டால், திரும்பப் பெற முடியாது. உறைக்குள் வைத்து, பசை தடவி, மருத்துவமனையின் அரக்கு முத்திரையைப் பதித்தேன்.

கொண்டுபோக ஆள் வேண்டுமே என்று வாசலுக்கு வந்தால், பந்தல் லாரி நின்றுகொண்டிருந்தது. கவர்னர் மாளிகையில் மறுநாள் ஏதோ துவக்க விழா. பையன்கள் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கனியு வயிற்றில் துணி கட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முலிகாத் அவரை அதட்டிக்கொண்டிருந்தார்.

“பாபா, இது கவர்னர் மாளிகைக்கு. பத்திரம்.”

“உள்ள என்ன, இபிடோயே?”

“டாக்டரம்மா வேலையில இருக்காங்கன்னு எழுதியிருக்கு.”

கனியு உறையை வாங்கி, அரக்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அரங்கின் ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பினார். உள்ளேயிருந்து கருவியின் மெல்லிய இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு பையனைக் கூப்பிட்டு, லாரியின் உச்சியில் ஏற்றியிருந்த சிங்கமுக நாற்காலியில் கடிதத்தை வைக்கச் சொன்னார். பையிலிருந்து இளஞ்சிவப்பு ரிப்பனை எடுத்துக் கொடுத்து, காற்றில் பறக்காதபடி கைப்பிடியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார்.

லாரி கிளம்பிற்று. கடிதம் உட்கார்ந்துகொண்டு போயிற்று.